உப்புக் காற்றில் ஒரு லேப்டாப் எத்தனை ஆண்டு தாங்கும்?

கன்னியாகுமரி மாவட்டத்தில் கணினி பழுதுபார்க்கும் எந்தக் கடையில் நின்றாலும் கொஞ்ச நேரத்தில் காதில் விழுகிற கேள்வி ஒன்று உண்டு. "அண்ணே, இதுக்கு இன்னும் காசு போடலாமா, இல்ல புதுசு ஒண்ணு எடுத்திரவா?" மேசைமேல் கிடப்பது அநேகமாக நான்கைந்து வயதான லேப்டாப். ஆன் செய்தால் டீ குடித்துவிட்டு வரும்வரை சுற்றிக்கொண்டே இருக்கும். சார்ஜரைப் பிடுங்கினால் அணைந்துவிடும். திரையை மடிக்கும் இடத்தில் பிளாஸ்டிக் வாய்பிளந்திருக்கும். கொண்டுவந்தவர் மனதளவில் அதைக் கைகழுவிவிட்டுத்தான் கடைக்கே வந்திருப்பார்.

இந்த மூன்று குறைகளில் ஒன்றுகூடப் புது லேப்டாப் வாங்கக் காரணமாகாது என்பது என் கருத்து. மெதுவாக ஓடுவது பழைய ஹார்ட் டிஸ்க்கின் குறை. சார்ஜ் நிற்காதது பேட்டரியின் குறை. வாய்பிளந்தது கீல் இறுகிப்போனதால் வந்த குறை. மூன்றும் தேய்வதற்கென்றே உள்ள பாகங்கள், கழற்றி மாற்றலாம். மாற்றியே தீரவேண்டிய நிலைமை வேறு இடங்களிலிருந்து வருகிறது. மதர்போர்டில் (சில்லுகள் பதிந்திருக்கும் மூலப்பலகை) ஏறும் உப்பு அரிப்பு, பாதுகாப்பு அப்டேட் நின்றுபோகும் தேதி, கூட்டவே முடியாதபடி அந்தப் பலகையிலேயே ஒட்டப்பட்ட ரேம் (ஓடும் வேலைகளைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகம்) ஆகியவைதான் அவை. இந்த மாவட்டத்தில் முதலாவதற்குத் தனி இடம் உண்டு. மதுரைக்கோ கோவைக்கோ எழுதப்பட்ட ஆலோசனை இங்கே அப்படியே பொருந்தாது.

முதலில், மூன்று ஆண்டில் மாற்ற வேண்டும் என்று அலுவலகங்களில் சொல்கிறார்களே, அது எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம். 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை லேப்டாப், டெஸ்க்டாப் போன்றவற்றின் பயன்பாட்டுக் காலத்தை 3 ஆண்டு என்று வைத்திருக்கிறது. சர்வருக்கு 6 ஆண்டு. வருமான வரிக் கணக்கில் கணினிக்கு ஆண்டுக்கு 40 சதவீதம் தேய்மானம் கழிக்கலாம். 50,000 ரூபாய் லேப்டாப் முதல் ஆண்டு முடிவில் கணக்குப் புத்தகத்தில் 30,000, அடுத்த ஆண்டு 18,000, மூன்றாம் ஆண்டு 10,800 ரூபாய். இது கணக்கரின் ஆயுள். பொருளுக்குள்ளே இருக்கும் சில்லுக்கும் செம்புக் கம்பிக்கும் இந்தக் கணக்கு தெரியாது. மூன்றாண்டுக் கணக்கில் நிறுவனங்கள் கழித்துவிடும் லேப்டாப்கள்தான் பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் கிளம்பி, துடைத்துப் பளபளப்பாக்கப்பட்டு, நாகர்கோவில், மார்த்தாண்டம் கடைகளில் 'ரீஃபர்பிஷ்டு' என்ற பெயரில் அடுக்கப்படுகின்றன. கணக்கில் செத்த இயந்திரம் இங்கே வந்து இன்னும் நான்கு ஆண்டு உழைக்கிறது. ஆயுள் என்பது கணக்குப் புத்தகத்தில் இல்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

கடற்கரை செய்யும் வேலை

ஆரோக்கியபுரம் முதல் நீரோடி வரை நீளும் இந்த மாவட்டத்துக் கடற்கரையில் வாழ்பவர்களுக்கு இரும்புக்கு வரும் கதி தெரியும். கேட்டுக் கொண்டி, சைக்கிள் செயின், ஜன்னல் கம்பி எல்லாம் பெயிண்ட் அடித்த மறு ஆண்டே பொரிந்துவிடும். அதே காற்றைத்தான் லேப்டாப்பின் விசிறி நாள்முழுவதும் உள்ளே இழுக்கிறது.

உப்பு தனியாக ஒன்றும் செய்வதில்லை. காய்ந்த உப்புத்தூள் மதர்போர்டில் படிந்து பல மாதம் சும்மா கிடக்கும். ஆனால் சோடியம் குளோரைடுக்கு ஒரு குணம் உண்டு. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் அது காற்றிலிருந்தே ஈரத்தை உறிஞ்சித் தானே கரைந்துவிடும். சமையலறை உப்புப் பாத்திரத்தில் மழைக்காலத்தில் தண்ணீர் விடுவது இதனால்தான். கடல் உப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடு அதைவிடக் குறைந்த ஈரத்திலேயே நீர்த்துவிடும். குளச்சலிலும் முட்டத்திலும் தூத்தூரிலும் காற்றில் ஈரம் 75 சதவீதத்தைத் தாண்டுவது அபூர்வமான சங்கதி இல்லை. மழைக்காலத்தில் இரவுதோறும் தாண்டும். அப்போது மதர்போர்டின்மேல் படிந்த தூள் கண்ணுக்குத் தெரியாத உப்புநீர்ப் படலமாகிறது. உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும். அருகருகே இருக்கும் இரண்டு மின்முனைகளுக்கிடையே அந்தப் படலத்தின் வழியே உலோக அயனிகள் நகர்ந்து மெல்லிய உலோக இழைகளாக வளரும். ஒருநாள் அது இரண்டு முனைகளையும் தொட்டால் ஷார்ட். அதற்கு முந்தைய நாள்வரை லேப்டாப் நன்றாகத்தான் ஓடியிருக்கும்.

அப்படிப் போன ஒரு லேப்டாப்பைத் திறந்து பார்த்தால் தடயம் தெளிவாகத் தெரியும். அடித்தகட்டைக் கழற்றும்போதே ஸ்குரூவின் தலை துருப்பிடித்து, ஸ்குரூடிரைவர் பிடிக்காமல் வழுக்கும். விசிறிக்கு எதிரே உள்ள செம்புத் தகடுகளுக்கிடையே தூசி கம்பளிபோல் படிந்து அடைத்திருக்கும். அதை விரலால் எடுத்தால் பிசுபிசுக்கும். உலர்ந்த ஊர்களில் அந்தத் தூசி ஊதினாலே பறந்துவிடும். இங்கே ஊதினால் போகாது. பிரஷ் வைத்து எடுக்கவேண்டும். பேட்டரி இணைப்புக்குப் பக்கத்திலும் யுஎஸ்பி துளைகளின் உள்பக்கத்திலும் பச்சையும் வெள்ளையுமான பூப்பு. செம்புப் பாத்திரத்தில் பிடிக்கும் அதே களிம்புதான். ஆரம்பக் கட்டத்தில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் வைத்துத் துடைத்தால் போர்டு பல ஆண்டு ஓடும். சில்லுகளுக்கு அடியில் இறங்கிவிட்டால் துடைப்பு எட்டாது.

இதில் முக்கியமான ஒன்றைப் பலரும் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். லேப்டாப்பைப் பத்திரமாக அலமாரியில் வைத்தால் ஆயுள் கூடும் என்று நினைக்கிறார்கள். ஓடுகிற லேப்டாப் உள்ளே சூடாக இருப்பதால் அதன் உட்பகுதிக் காற்றின் ஈரப்பதம் குறைந்து, போர்டு காய்ந்தே கிடக்கும். அணைத்து மூடி வைத்தது குளிர்ந்து ஈரம் இழுக்கும். மகன் வெளியூருக்குப் படிக்கவோ வேலைக்கோ போனபிறகு ஆறேழு மாதம் பெட்டியில் தூங்கிய லேப்டாப் திரும்ப ஆன் ஆகாமல் போவதற்கு உப்பும் ஈரமும் சேர்ந்த இந்தத் தூக்கமே பல நேரம் காரணம். கடலோர வீட்டில் வாரத்துக்கு இரண்டு முறையாவது ஒரு மணி நேரம் ஓடவிடுவது அதற்குச் செய்யும் மிகப் பெரிய உபகாரம். நீண்ட நாள் வைக்கத்தான் வேண்டுமென்றால் காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைக்கலாம். தோல் பையில் வைக்கவே வேண்டாம். ஆனி ஆடியில் அந்தப் பையில் பூசணம் பூத்துவிடும்.

கடலிலிருந்து உள்ளே போகப்போக உப்பு வேகமாகக் குறையும். முதல் ஓரிரு கிலோமீட்டர்தான் கடுமை. குலசேகரம், திருவட்டாறு, பேச்சிப்பாறைப் பக்கம் உப்பு இல்லை. ஆனால் மலையடிவார ஈரம் உண்டு. ரப்பர் ஷீட் அடிக்கும் வீடுகளில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ரப்பர் பால் உறைய வைக்க ஊற்றும் ஃபார்மிக் அமிலத்தின் ஆவி செம்பை அரிக்கும். ஷீட் அடிக்கும் கொட்டகைக்கும் அதைப் புகையில் காயவைக்கும் புகைப்புரைக்கும் பக்கத்தில் லேப்டாப்பையோ பில் போடும் கணினியையோ வைக்காமல் இருப்பது நல்லது. கிழக்கே ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கம் பிரச்சினை வேறு: காற்றாலைகள் நிற்கும் கணவாயின் வறண்ட காற்றில் தூசிதான் எதிரி. விசிறிதான் முதலில் திணறும்.

ஆண்டுக்கு ஒருமுறை திறந்து விசிறியையும் தகட்டையும் சுத்தம் செய்து, இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புராசஸருக்கு மேலே உள்ள, சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டை மாற்றினால் போதும். கடற்கரை வீடுகளில் இதைத் தென்மேற்குப் பருவமழை ஓய்ந்த பிறகு செய்வது பொருத்தம். நான்கு மாதக் கடற்காற்றில் ஏறிய உப்பு அப்போது வெளியே போகும். ஐப்பசி, கார்த்திகையில் இடியோடு பெய்யும் மழை வேறொரு ஆபத்து. சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே பிடுங்கவேண்டும். இன்டர்நெட் மோடத்திலிருந்து வரும் லேன் கேபிளையும் சேர்த்து. மின்னல் பாய்ந்து போன போர்டைச் சரிசெய்யப் பணம் போடுவது பெரும்பாலும் வீண்.

வாரண்டி பற்றிக் கடற்கரைக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. உள்ளே பச்சைக் களிம்பைப் பார்த்தால் சர்வீஸ் சென்டரில் 'தண்ணீர் விழுந்திருக்கிறது' என்று எழுதி வாரண்டியை மறுக்கக்கூடும். தண்ணீர் விழவில்லை, காற்றுதான் என்று நிரூபிப்பது கடினம். எனவே வாரண்டி இருக்கும்போதே ஒருமுறை அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சுத்தம் செய்து ரசீது வாங்கி வைப்பது பின்னால் கைகொடுக்கும்.

பேட்டரி, டிஸ்க், கீல்

பேட்டரி விஷயத்தில் குமரி மாவட்டத்துக்குக் கொஞ்சம் அதிர்ஷ்டம் உண்டு. லித்தியம் அயன் பேட்டரியைக் கொல்வது சூடு. சித்திரை வெயிலில் வேலூரும் மதுரையும் கொதிக்கும் அளவுக்கு நாகர்கோவில் கொதிப்பதில்லை. ஆனால் சூட்டோடு முழு சார்ஜும் சேர்ந்தால் எங்கும் கெடுதல்தான். பரவலாக எடுத்தாளப்படும் கணக்குப்படி, 25 டிகிரியில் 40 சதவீத சார்ஜோடு ஓராண்டு வைத்த பேட்டரி தன் கொள்ளளவில் சுமார் 96 சதவீதத்தைத் தக்கவைக்கும். முழு சார்ஜோடு வைத்தது 80 சதவீதத்துக்கு இறங்கிவிடும். 40 டிகிரியில் முழு சார்ஜோடு என்றால் 65. எப்போதும் சார்ஜரில் மாட்டியே ஓட்டும் லேப்டாப்பின் பேட்டரி இரண்டே ஆண்டில் ஏன் படுத்துவிடுகிறது என்பதற்கு இந்தக் கணக்கிலேயே பதில் இருக்கிறது. இப்போது வரும் பெரும்பாலான லேப்டாப்களில் 80 சதவீதத்தோடு சார்ஜ் ஏறுவதை நிறுத்தும் வசதி உண்டு. வாங்கிய அன்றே அதை ஆன் செய்துவிட வேண்டும். பயணம் போகிற அன்று மட்டும் முழுக்க ஏற்றினால் போதும். திருவனந்தபுரம் டெக்னோபார்க்குக்கு ரயிலில் போய்வருகிறவர்கள் வேண்டுமானால் இதை ஒதுக்கிவிடலாம்; அவர்களுக்கு முழு சார்ஜ் தேவை.

பேட்டரியின் உண்மை நிலையை விண்டோஸே சொல்லும். பேட்டரி ரிப்போர்ட் எடுத்தால் தயாரித்தபோது இருந்த கொள்ளளவும் இப்போது ஏறும் கொள்ளளவும் தனித்தனியாகத் தெரியும். இரண்டாவது முதலாவதில் பாதிக்கு வந்துவிட்டால் பேட்டரியை மாற்றும் காலம். லேப்டாப்பை மாற்றும் காலம் இல்லை. ஒன்றில் மட்டும் தாமதம் கூடாது: டச்பேட் மேலே எழும்பி நிற்கிறது, அடித்தகடு வீங்கியிருக்கிறது என்றால் பேட்டரி உப்பிவிட்டது. அதை அழுத்தவும் கூடாது, சார்ஜில் போடவும் கூடாது. அன்றைக்கே கழற்றவேண்டும்.

மெதுவாக ஓடுவதற்கு மருந்து எஸ்எஸ்டி, அதாவது சுழலும் பாகம் இல்லாமல் சில்லுகளில் சேமிக்கும் டிஸ்க். சுழலும் ஹார்ட் டிஸ்க் நொடிக்குச் சுமார் 100 எம்பி படிக்கும். சாதாரண சாட்டா எஸ்எஸ்டி 500 எம்பி. அதைவிடப் பெரிய வித்தியாசம், சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னக் கோப்புகளைத் தேடுவதில்தான். ஹார்ட் டிஸ்க்கின் முள் ஒவ்வொன்றுக்கும் ஓடவேண்டும், எஸ்எஸ்டிக்கு ஓட ஒன்றுமில்லை. 2015, 2016இல் வாங்கிய லேப்டாப்பில் எஸ்எஸ்டி மாட்டிய பிறகு அதன் சொந்தக்காரர் முகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பழையது என்று எதை நினைத்துக்கொண்டிருந்தார் என்று. எஸ்எஸ்டியில் எழுத எழுதத் தேய்ந்துவிடுமே என்ற பயம் வீட்டு உபயோகத்துக்குத் தேவையில்லை. 300 டெராபைட் எழுதலாம் என்று உத்தரவாதம் உள்ள 500 ஜிபி எஸ்எஸ்டியில் தினமும் 20 ஜிபி எழுதினாலும் 40 ஆண்டு ஆகும். ஆனால் நிறைய எழுதித் தேய்ந்த எஸ்எஸ்டியை மின்சாரம் இல்லாமல் அலமாரியில் ஆண்டுக்கணக்கில் வைக்கக்கூடாது. உள்ளே இருப்பது மங்கிப்போகலாம். கல்யாணப் போட்டோக்களைச் சேமித்து வைக்க ஹார்ட் டிஸ்க்கே மேல். அதிலும் ஒன்றுக்கு இரண்டாக.

கீல் பிரச்சினையில் துருவுக்கும் பங்குண்டு. இரும்புக் கீல் இறுகிவிட்டால் திரையைத் திறக்கும்போது வரும் விசை, கீலைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் குமிழ்களில் இறங்கும். ஒருநாள் அவை பிய்த்துக்கொண்டு வரும். திறக்கும்போது வழக்கத்தைவிட இறுக்கமாக இருப்பதாகக் கை உணர்ந்ததுமே கீலைத் தளர்த்தி எண்ணெய் போட்டால் சில நூறு ரூபாயில் முடியும். பிய்ந்தபிறகு திரையின் ஒயரும் சேர்ந்து அறுந்து, செலவு பல மடங்காகும்.

அப்டேட் நின்ற தேதி

பாகங்களைவிட உறுதியாக ஒரு லேப்டாப்பை முதியதாக்குவது மென்பொருள். விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. தனிப்பட்ட பயனர்களுக்கு ஓராண்டு நீட்டிப்பாகப் பாதுகாப்பு அப்டேட் பெறும் வழியையும் மைக்ரோசாஃப்ட் வைத்தது. மைக்ரோசாஃப்ட் கணக்கோடு செட்டிங்ஸை இணைத்தால் பணம் கட்டாமலேயே 2026 அக்டோபர் 13 வரை கிடைக்கும் என்று அறிவித்தது. அதற்கப்பால் விண்டோஸ் 11தான்.

2021 அக்டோபரில் வெளியான விண்டோஸ் 11 எல்லாப் பழைய லேப்டாப்பிலும் ஏறாது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சில்லும், 4 ஜிபி ரேமும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்கு மேற்பட்ட புராசஸரும் கேட்கும். எட்டாம் தலைமுறை என்றால் எதைப் பார்த்துக் கண்டுபிடிப்பது? ஸ்டிக்கரில் ஐ5 என்றிருப்பதைப் பார்த்துப் பயனில்லை. கோட்டுக்குப் பின்னால் வரும் எண்ணைப் பார்க்கவேண்டும். ஐ5-7200யு என்றால் ஏழாம் தலைமுறை, ஏறாது. ஐ5-8250யு என்றால் எட்டு, ஏறும். ஐ5-1135 என்று தொடங்கினால் பதினொன்று. பழைய லேப்டாப் விற்கும் இடங்களில் மிக அதிகமாகக் குழப்பம் நடப்பது இந்த எண்ணில்தான். 'ஐ7 மக்கா, ஐ5ஐவிட உசத்தி' என்று கொடுக்கப்படும் ஐ7-4600யு, 2013ஆம் ஆண்டுச் சரக்கு. அதில் இரண்டே கோர் (புராசஸருக்குள் கணக்குப் போடும் மையம்). 2017இல் வந்த ஐ5-8250யுவில் நான்கு கோர். எண்ணில் பெரியதாகத் தெரியும் ஐ7, வேலையில் சின்னது.

ஏறாத லேப்டாப்பில் குறுக்கு வழியில் விண்டோஸ் 11ஐ ஏற்றித் தருகிறார்கள். பாட்டுக் கேட்கவும் படம் பார்க்கவும் சரி. வங்கிக் கணக்கு, ஜிஎஸ்டி தாக்கல், இ-சேவை மையத்து வேலை, வாடிக்கையாளர் ஆதார் எண் தொடும் எதற்கும் அது வேண்டாம் என்பேன். ஆதரவில்லாத கணினிக்கு அப்டேட் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தரவில்லை. அப்டேட் நின்ற விண்டோஸ் அன்றே ஓடாமல் போகாது. அதனால்தான் ஆபத்து கண்ணுக்குத் தெரிவதில்லை. முதலில் பிரவுசர் கைவிடும். விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியில் ஆதரவு முடிந்தது. 2023 பிப்ரவரியில் வந்த குரோம் 110 அதில் ஏறவில்லை. அதாவது ஏறத்தாழ மூன்று ஆண்டு இடைவெளி. விண்டோஸ் 10க்கும் அப்படியொரு இடைவெளி கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம்.

பணவேலை இல்லாத வீட்டுக்கு, விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளமான லினக்ஸ் நல்ல வழி. தமிழ்நாட்டில் இது புதிதும் இல்லை. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. பெரும்பாலானோர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை என்பது வருத்தம். அந்தத் திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில் வந்தவை 2 ஜிபி ரேமோடு இருந்தன. இன்றைய பிரவுசருக்கு அது போதாது. ரேமைக் கூட்டி, எஸ்எஸ்டி மாட்டி, லினக்ஸ் மின்ட் போன்ற ஒன்றை ஏற்றினால் தமிழ்99 விசைப்பலகை முறையில் தட்டச்சு செய்யவும், பிள்ளைகள் பைதான் நிரல்மொழி படிக்கவும் இன்றைக்கும் உதவும். கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டில் லேப்டாப் அல்லது டேப்லெட் தருவதாக 2025 மார்ச் பட்ஜெட்டில் அரசு அறிவித்தது. வீட்டுக்கு அப்படிப் புதிது வரும்போது பழையதைத் தூக்கி எறியாமல் தம்பி தங்கைக்கு மாற்றிக் கொடுக்க இது ஏற்ற வழி.

எப்போது மாற்றத்தான் வேண்டும்

இத்தனையும் சொன்னபிறகு, மாற்றுவதற்கான நேரமும் உண்டு. அரிப்பால் போன மதர்போர்டை ஒருமுறை சில்லு மட்டத்தில் சரிசெய்து, ஆறு மாதத்துக்குள் அதே போர்டு மறுபடி போனால் இரண்டாவது முறை பணம் போடவேண்டாம். அரிப்பு ஓரிடத்தில் நிற்பதில்லை. 4 ஜிபி ரேம் ஒட்டிய மெல்லிய லேப்டாப், கூட்ட இடமே இல்லாதது, பிரவுசரில் பத்து பக்கம் திறந்தால் திணறுகிறது என்றால் அதற்குச் செய்ய ஒன்றுமில்லை. திரை, கீல், பேட்டரி மூன்றும் ஒன்றாகக் கேட்டால் அதே தரத்தில் ஒரு ரீஃபர்பிஷ்டு லேப்டாப்பின் விலையோடு ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். பழுதுச் செலவு அதில் பாதியைத் தாண்டினால் மாற்றுவதே சரி.

பாதி என்ற அளவை நான் வைப்பதற்குக் காரணம் ஆண்டுச் செலவுக் கணக்கு. 45,000 ரூபாய் லேப்டாப்பை மூன்றாண்டில் மாற்றினால் ஆண்டுக்கு 15,000. அதற்கே 8,000 ரூபாய்க்கு பேட்டரியும் எஸ்எஸ்டியும் போட்டு ஆறு ஆண்டு ஓட்டினால் மொத்தம் 53,000. ஆண்டுக்கு 9,000கூட வராது. ஒரு வீட்டில் இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள் என்றால் இந்த வித்தியாசம் ஒரு செமஸ்டர் பஸ் கட்டணமும் புத்தகச் செலவுமாக நிற்கும். 2025இன் கடைசியிலிருந்து ரேம், எஸ்எஸ்டி இரண்டின் விலையும் உலகம் முழுக்க ஏறியிருக்கிறது. ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சில்லுகளை வாரிக்கொண்டு போவதுதான் காரணம். பாகத்தின் விலை ஏறினால் புது லேப்டாப்பின் விலையும் ஏறும். எனவே பழையதை ஓட்டும் பக்கமே தராசு இன்னும் சாய்கிறது.

தொழில் அதன்மேல் நிற்கிறவர்களுக்குக் கணக்கு வேறு. வீட்டிலிருந்து ஐடி வேலை பார்க்கிறவர், கல்யாண வீடியோ எடிட் செய்கிறவர், கடைசி ஆண்டு புராஜெக்ட் முடிக்கிற மாணவி ஆகியோருக்கு லேப்டாப் ஒருநாள் நின்றால் ஆகும் நஷ்டம் பழுதுச் செலவைவிடப் பெரிது. அவர்கள் ஐந்தாம் ஆண்டில், நன்றாக ஓடும்போதே புதியது வாங்கிப் பழையதைக் கைக்காவலாக வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

வாங்கும்போது ஆயுளையும் சேர்த்து வாங்கமுடியும். ரேம் கழற்றி மாற்றக்கூடியதா, எஸ்எஸ்டிக்கு இரண்டாவது இடம் இருக்கிறதா, பேட்டரி ஸ்குரூவில் நிற்கிறதா பசையில் ஒட்டியிருக்கிறதா என்று கேளுங்கள். விற்பவர் இந்த மூன்றுக்கும் பதில் சொல்லவேண்டும். கடற்கரை வீட்டுக்குப் பளபளக்கும் மெல்லிய மாடலைவிட, நிறுவனங்களுக்கென்று தயாரிக்கப்படும் கொஞ்சம் தடித்த லேப்டாப் எனக்குப் பிடிக்கும். கீல் உறுதி, திறந்து சுத்தம் செய்யவும் எளிது. மூன்றாண்டு வாரண்டியோடு வந்தாலும் பேட்டரிக்குப் பொதுவாக ஓராண்டுதான் என்பதையும் சீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கல்ஃபிலிருந்து உறவினர் கொண்டுவரும் லேப்டாப் இந்த மாவட்டத்தில் ஏராளம். விலை தோது என்றாலும் அதன் வாரண்டி இந்தியாவில் செல்லுமா என்று வாங்கும் முன்பே நிறுவனத்தின் இணையதளத்தில் சீரியல் எண் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சிலவற்றின் வாரண்டி வாங்கிய நாட்டோடு நின்றுவிடும். அரபி எழுத்து அச்சிட்ட கீபோர்டு பழகிவிடும். தடித்த மூன்று முள் பிளக்குக்கு அடாப்டர் மாட்டும்போதுதான் கவனம் வேண்டும். மலிவான அடாப்டர்களில் எர்த் இணைப்பே இருக்காது. உலோக உடல் கொண்ட லேப்டாப்பைத் தொட்டால் சுர்ரென்று பிடிப்பது பல வீடுகளில் இதனால்தான். சார்ஜரின் ஒயரை மட்டும் நம்மூர்ப் பிளக் உள்ள நல்ல ஒயராக மாற்றிவிடுங்கள்.

கடைசியாக, ஓடவே ஓடாது என்றான பிறகு. முதலில் டிஸ்க்கைக் கழற்றி எடுத்து, உள்ளே இருப்பதை நகலெடுத்துக்கொள்ள வேண்டும். போர்டு செத்தாலும் டிஸ்க் பெரும்பாலும் உயிரோடு இருக்கும். ஒட்டிய எஸ்எஸ்டி உள்ள மாடல்களில் இந்த வழி இல்லை, அதனால்தான் முன்கூட்டியே நகல் வேண்டும். ரேம், சார்ஜர், திரை ஆகியவற்றைப் பழுதுக் கடைகள் விலைக்கு எடுத்துக்கொள்ளும். மிச்சத்தைப் பழைய சாமான் எடுக்கும் ஆக்கர் வண்டியில் போட்டால் எங்கோ ஒரு தோட்டத்து மூலையில் செம்புக்காக ஒயரை எரிப்பார்கள். அந்தப் புகையும் ஈயமும் போவது பழையாற்றுக்கும் வள்ளியாற்றுக்கும்தான். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள், 2022இன்படி, விற்ற பொருளுக்கு ஈடாகக் கழிவை மறுசுழற்சிக்கு அனுப்பவேண்டியது தயாரித்த நிறுவனத்தின் கடமை. பெரிய நிறுவனங்களின் இணையதளங்களில் பழைய லேப்டாப்பைத் திருப்பிக் கொடுக்கப் பதிவு செய்யும் பக்கம் இருக்கிறது. உப்பிய பேட்டரி இருந்தால் அதைச் சேர்த்து அனுப்பாமல் தனியாகச் சொல்லி, தீப்பிடிக்காத இடத்தில், காய்ந்த மணல் போட்ட மண்பானையிலோ தகர டப்பாவிலோ வைத்து, எடுக்க வருகிறவரிடம் நேரில் கொடுங்கள்.